கால் சுற்று

முதல் வருடம் முழுக்க
'எனது லட்சியம்' எழுதினோம்.
டீசல் மெக்கானிக் பிரிவில் இருபத்தாறு பேர்,
இருபத்தாறு பேருக்கும் ஒரே லட்சியம்:
நாட்டுக்கு உழைப்பேன், பெற்றோரைக் காப்பேன்,
நன்றி, வணக்கம்.
ரெக்ஸ்லின் மட்டும் தலைப்பை எழுதிவிட்டுக்
கீழே ஒரு இன்ஜின் வரைந்திருந்தான்.
அதற்கு மார்க் இல்லை.

இரண்டாம் வருடம் வந்த பெனசிர் மேடம்
எங்களைவிட ஐந்து வயது கூட இருக்கலாம்.
போர்டில் எதுவும் எழுதவில்லை.
வகுப்பை இரண்டாகப் பிரித்தார்.
ஒரு பாதி பட்டறையில்
ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினைக் கழற்றி
எப்படி மாட்டுவது என்று எழுதவேண்டும்.
மறுபாதி அந்தத் தாளைப் பார்த்தே
மாட்டவேண்டும்.
பேசக் கூடாது. கை காட்டக் கூடாது.

நான் எழுதியது:
அதை எடுத்து இதில் வைக்கவும்.
பிறகு அந்தச் சின்னதை மாட்டவும்.

செய்யது அஸ்கர் தாளைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான்.
சின்னது என்று சொல்லத்தக்கவை
அங்கே பதினேழு கிடந்தன.
ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்டினான்,
ஏலக்கடையில் மீனைக் காட்டுகிற மாதிரி.
வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
அவ்வளவு வெட்கம்
தப்பு விடைக்குக்கூட வந்ததில்லை.

ரெக்ஸ்லின் எழுதியிருந்தான்:
திருக்கையைத் தளர்த்தவும்.
"திருக்கைய எவன்டா தளத்துவான்,
வாலால ஒரே அடி!"
மண்டபம் வரைக்கும் கேட்டிருக்கும் சிரிப்பு.
அவனே அடித்துத் திருகாணி என்று எழுதினான்.
அதற்குப் பிறகு அவன் ஒற்றெழுத்தில்
கண் வைத்ததுபோல்
யாரும் வைக்கவில்லை.

நான்காவது தாளில்தான் என் 'அது' செத்தது.
'வரை' என்ற சொல்லையும்
அந்த வாரம்தான் கண்டுபிடித்தேன்:
குமிழி நிற்கும் வரை கைப்பம்பை அழுத்தவும்.
பள்ளிக்கூடத்தில் அது இலக்கணம்.
இங்கே, டீசலில் ஏறிவந்து உடைகிற
கடைசிக் குமிழி.

அடுத்த வேலை:
"நிஜமான ஓர் ஆளுக்கு எழுதுங்கள்.
அவர் கையில் கிரீஸ் இருக்கும்.
வெளிச்சம் இருக்காது."

வேதாளைச் சித்தப்பாவின் வத்தைக்கு எழுதினேன்,
காற்று அடைத்து இன்ஜின் நின்றால்
செய்யவேண்டியவை, ஐந்து வரி.
நனையாமல் டேப் சுற்றி
இன்ஜின் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினேன்.
சித்தப்பாவுக்கு எழுத்து தெரியாது.
அடைக்கலம் அண்ணன் கூட்டிக் கூட்டி வாசிப்பார்.

கச்சான் வீசிய ஒரு ராத்திரி
முயல்தீவுக்குத் தெற்கே இன்ஜின் நின்றது.

விடிந்ததும் வீட்டு வாசலில் சித்தப்பா,
ஈரக் கைலி, கையில் பிய்த்தெடுத்த என் தாள்.
பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று
முடியைச் சரிசெய்துகொண்டேன்.

"ஏத்தா நாகஜோதி,
லேசான்னு எழுதியிருக்கியே,
லேசான்னா எவ்வளவு?"

மூன்றாவது வரி.
வடிகட்டியின் மேலுள்ள சின்னத் திருகாணியை
லேசாகத் தளர்த்தவும்.
நங்கூரம் இழுக்கிற கை அடைக்கலம் அண்ணனுக்கு.
அந்தக் கைக்கு லேசு என்பது நாலு சுற்று.
திருகாணி துள்ளிப்
படகின் அடித்தண்ணீரில் விழுந்து,
செல்போன் வெளிச்சத்தில்
மீன்ரத்தத்தையும் செதிலையும் துழாவி
ஒரு மணி நேரம்.

"கிடைச்சுது.
அப்புறம் நீ சொன்ன மாதிரியே
குமிழி நின்னுச்சு, எடுத்துருச்சு."
போகிற போக்கில்,
டீ டம்ளரை வைத்துக்கொண்டே சொன்னார்.

பட்டறைக்குப் போய் அந்த வரியை அடித்தேன்.
கால் சுற்று மட்டும் தளர்த்தவும்.
முழுதாகக் கழற்ற வேண்டாம்.
அடியில் ஒரு கையை ஏந்திக்கொள்ளவும்.

மேடம் வாசித்தார், எதுவும் சொல்லாமல்
அஸ்கரிடம் நீட்டினார்.
வாசித்துவிட்டு அவன்
விரலைக் காற்றில் இப்படியும் அப்படியும்
திருகிப் பார்த்தான்.

"எந்தப் பக்கமா?"

பேனாவைத் தேடினேன்.